பேறுகாலமும் ஆஸ்பத்திரியும்: நம் வரலாறு கற்பிக்கும் முன்னேற்பாடு



சென்ற மாதம் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என்னை நெருங்கி வந்து ஸலாம் கூறினார். சிறு வயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவர். "ஹஜ்ரத், வீட்டில் ஒன்பதாம் மாதம் நடக்கிறது. தலைப்பிரசவம். துஆச் செய்யுங்கள்" என்றார். துஆச் செய்தேன். பிறகு, "தம்பி, ஆஸ்பத்திரியில் தங்குவதற்கு என்னென்ன எடுத்து வைத்திருக்கிறாய்? மனைவியின் இரத்த வகை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சற்றே திகைத்து, "அதையெல்லாம் மாமி பார்த்துக்கொள்வார்கள் ஹஜ்ரத். அல்லாஹ் இருக்கிறான்" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை. 18 ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைச் சொன்னவன்தான். என் மூத்த மகள் பிறந்த இரவில், குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் என் மனைவிக்கு இரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது. செவிலியர் வெளியே வந்து இரத்த வகை என்னவென்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது எழுதியிருந்த அட்டை மனைவியின் தாய்வீட்டு அலமாரியில் இருந்தது. இரத்தம் கொடுக்க யாரை அழைப்பது என்பதையும் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியார் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தனர். பள்ளிவாசலில் என்னுடன் பணியாற்றிய ஒரு சகோதரர் நள்ளிரவில் ஓடிவந்து இரத்தம் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், என் மனைவி பிழைத்தார். ஆயினும் பல ஆண்டுகளாக ஓதி, பிறருக்கும் ஓதிக்கொடுத்த நான் தவக்குல் என்னும் சொல்லின் பொருளை அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன்.

அதன்பின் இது குறித்து நம் முன்னோரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பிள்ளை பெற்ற பெண்ணின் தேவையை நம் மார்க்கம் எவ்விதம் நோக்கியது, நம் சமுதாயம் எங்கே தவறியது, அந்தத் தவறு எவ்வாறு சீர்செய்யப்பட்டது என்பதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

முதற்சான்று அன்னை மர்யம் (அலை) அவர்களின் வரலாறு. பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த அந்தப் பெண்மணிக்கு அல்லாஹ் முதலில் ஆறுதல் அளித்தான். அடுத்து அருகிலேயே நீரோட்டத்தையும், கைக்கெட்டும் தூரத்தில் கனிந்த பழத்தையும் அமைத்துக் கொடுத்தான். உண்ணவும் பருகவும் மனம் குளிரவும் ஏவினான். ஊராரின் கேள்விகளுக்கு விடை சொல்லும் சுமையையும் அன்று அவர்மீது வைக்கவில்லை. ஆறுதல், உணவு, நீர், பிறர் தொல்லையின்றி ஓய்வு: பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய நான்கும் அதில் அடங்கியுள்ளன. வல்லமை மிக்க இறைவனே அவற்றைக் காரணங்களின் வழியாகக் கொடுத்திருக்கும்போது, காரணங்களைத் தேடாமல் இருப்பது நமக்கு எவ்விதம் பொருந்தும்?

இரண்டாவது சான்று ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜுக்காக மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் மனைவியான அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) நிறைமாதக் கர்ப்பிணியாக அந்தப் பயணத்தில் இருந்தார்கள். துல்ஹுலைஃபா என்னுமிடத்தில் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. முஹம்மத் இப்னு அபீபக்கர் என்பவர் அந்தப் பிள்ளைதான். இந்நிலையில் தாம் என்ன செய்வது என்று அஸ்மா (ரலி) ஆளனுப்பிக் கேட்டார்கள். குளித்துக்கொள்ளும்படியும், துணியால் இறுகக் கட்டிக்கொள்ளும்படியும், பின்னர் இஹ்ராம் அணிந்துகொள்ளும்படியும் நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்லி அனுப்பினார்கள். பெருங்கூட்டம் திரண்டிருந்த அந்தப் பயணத்தில் ஒரு பெண்ணின் பேறுகாலத் துணியைப் பற்றிய கேள்வி வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. இன்று மனைவிக்கு நாப்கின் வாங்கக் கடையில் நிற்கக் கூசும் நம் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது சான்று கணவர்களுக்குரியது. பத்ருப் போருக்கு அனைவரும் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) கடும் நோயுற்றிருந்தார்கள். அது பேறுகாலம் அன்று, நோய். மனைவியைக் கவனிக்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே தங்கச் செய்தார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். நோயுற்ற மனைவியின் அருகில் இருப்பது ஆண்மகனின் வேலைக்கு இடையூறு அன்று. அதுவே ஒரு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் இஸ்லாமிய உலகில் மருத்துவம் வளர்ந்தபோதும் இந்த நோக்கு தொடர்ந்தது. குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்து ஏறத்தாழ 1013இல் மறைந்த அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலை எழுதினார். அதன் இறுதிப் பகுதி அறுவைச் சிகிச்சை பற்றியது. குழந்தை தலைமாறி வரும்போது மருத்துவச்சி செய்யவேண்டியவற்றை அவர் அதில் விளக்கியதோடு, கருவிகளை வரைந்தும் காட்டினார். பெண்ணுக்கு அறுவை தேவைப்படும் ஓரிடத்தில், தேர்ச்சி பெற்ற பெண் மருத்துவரைத் தேடவேண்டும், கிடைக்காவிடில் மருத்துவச்சியை அழைத்து மருத்துவர் சொல்லச் சொல்ல அவர் செய்யவேண்டும் என்று வழிகாட்டினார். பெண்ணின் நாணமும் காக்கப்பட வேண்டும், உயிரும் காக்கப்பட வேண்டும் என்ற கவலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு இருந்தது.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. பெண்களுக்குப் பணிவிடை செய்யப் பெண்களே அமர்த்தப்பட்டனர். செலவுகள் வக்ஃபு வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டன. அக்காலத்தில் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டில் மருத்துவச்சியின் கையால்தான் நடந்தன என்பது உண்மை. எனினும், நோயுற்ற பெண் வீட்டைவிட்டு வெளியே சென்று தங்கிச் சிகிச்சை பெறுவதை நம் முன்னோர் கண்ணியக் குறைவாகக் கருதவில்லை. அவளுக்கேற்ற இடத்தை அமைப்பதுதான் தங்கள் கடமை என்று கருதினார்கள்.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். இங்கே வரலாறு அவ்வளவு இனிமையாக இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருந்தார். அவருடைய மகள் ஐடா. அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. ஓர் இரவு அவர் வீட்டுக் கதவை மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, வந்து தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஐடாவை அழைத்தார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் கூறினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு மூவருமே உடன்படவில்லை. அந்த மூவரில் ஒருவர் பிராமணர், மற்றொருவர் வேறு சாதியைச் சேர்ந்த இந்து, இன்னொருவர் முஸ்லிம். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி ஐடாவுக்கு வந்தது.

அந்த இரவு ஐடா ஸ்கட்டரின் வாழ்க்கையை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் பெண்களுக்காக 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் தொடங்கினார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. நம் வீட்டாருள் எத்தனை பேர் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறோம்!

இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த முஸ்லிம் கணவரைப் பற்றி நான் எண்ணுவதுண்டு. அவர் கொடியவர் அல்லர். நள்ளிரவில் உதவி தேடி ஓடியவர். மனைவியின் மானத்தைக் காக்க எண்ணியவர். ஆனால் மார்க்கம் அவருக்குத் தந்திருந்த சலுகையை அவர் அறியவில்லை, அல்லது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெண் மருத்துவர் கிடைக்காத நெருக்கடியில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பது கூடும் என்று ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபின் சட்ட நூல்களும் கூறுகின்றன. இந்தச் சட்டத்தை அன்று அவருடைய ஊர் மிம்பரில் யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், ஒரு தாய் ஒருவேளை பிழைத்திருப்பாள். ஆலிம்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்புண்டு.

சென்னையில் இதே துயரத்தைக் கண்டு செயலில் இறங்கிய இன்னொரு பெண்மணி மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் காட்ட இயலாத காரணத்தால் பேறுகாலத்தில் பெண்கள் படும் துன்பத்தைக் கேள்விப்பட்டு, முதலில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். 1875இல் அவருக்கும் வேறு மூன்று பெண்களுக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கப்பட்டது. அதற்கு ஆதரவளித்தவர் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான எட்வர்டு பால்ஃபர். திருவல்லிக்கேணியில் 1850இல் முஹம்மதியப் பொது நூலகம் அமையக் காரணமாக இருந்தவரும் இவரே.

இலண்டனில் மேற்படிப்பை முடித்து 1883இல் சென்னை திரும்பிய மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. விக்டோரியா அரசியின் பெயரோடு, சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரியது என்பதையும் அதன் பெயரிலேயே குறித்தார்கள். கோஷா என்ற பாரசீகச் சொல்லுக்கு மூலை, ஒதுக்கம் என்று பொருள். பர்தா முறையில் வாழும் பெண்களை அது குறித்தது. பெண் மருத்துவர்கள், பெண் பணியாளர்கள் என்ற ஏற்பாட்டுடன் அது இயங்கியது. 1890இல் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. வெங்கடகிரி ராஜா கட்டடத்துக்காக ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். ஆற்காட்டு நவாபின் பழைய மாளிகையும் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் இருக்கும் பகுதி அது. விடுதலைக்குப் பின் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்டபோதிலும், திருவல்லிக்கேணி மக்களுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு நன்றியும் ஒரு வெட்கமும் உண்டு. நம் பெண்களின் நாணத்தை மதித்து அவர்களுக்கென இடம் அமைத்தவர்களுக்கு நன்றி. மன்ஸூரி மருத்துவமனையைக் கட்டிய சமுதாயத்தின் வழிவந்த நாம், நம் பெண்களுக்கான அந்த இடத்தைப் பிறர் கட்டும்வரை காத்திருந்தோமே என்பது வெட்கம்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேறுகாலத்தில் இறக்கும் பெண் ஷஹீதுடைய அந்தஸ்தைப் பெறுகிறாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இழந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் அந்த நற்செய்தி இறந்தவளுக்குரியது. அவளைக் கவனியாமல் விட்டவர்களுக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. போரில் ஷஹீதானவருக்குச் சுவர்க்கம் உண்டு என்பதற்காக யாரும் படைவீரனைக் கவசமின்றி அனுப்புவதில்லை. நபி (ஸல்) அவர்களே உஹதுப் போருக்கு இரண்டு கவசங்களை அணிந்து சென்றார்கள். பிள்ளை பெறப் போகும் பெண்ணுக்கு முன்னேற்பாடுதான் கவசம்.

பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. கடும் இரத்தப்போக்கு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் 24 மணி நேரத்தில்தான் நேர்கிறது. அதனால்தான் சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் தங்கும்படி அரசு மருத்துவமனைகளில் சொல்கிறார்கள். அறுவைச் சிகிச்சையானால் மேலும் சில நாட்கள் ஆகும். "வீட்டுக்குப் போய்விடலாம், எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று பச்சை உடம்புக்காரியை அவசரப்படுத்தி அழைத்து வருவது முறையன்று.

அந்த நாட்களுக்காக எட்டாம் மாத முடிவுக்குள் சிலவற்றைச் செய்து முடித்துவிட வேண்டும். தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும் பிக்மி எண்ணையும் அதில் குறித்து வையுங்கள். மனைவியின் இரத்த வகையைக் கணவர் மனனம் செய்துகொள்ள வேண்டும். அதே வகை இரத்தமுள்ள இருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வரக்கூடிய வாகனம் எது என்பதை முடிவு செய்யுங்கள். அவசரத்துக்கு 108 இருக்கிறது. தாய்க்குப் பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் திறக்கும் நைட்டிகள், பெரிய அளவு நாப்கின், மக்கனா, வெந்நீருக்குப் பிளாஸ்க், கொஞ்சம் பேரீச்சம்பழம். குழந்தைக்குத் துவைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணிகள், குல்லா, போர்வை. இவை போதும், பை பெரிதாக இருக்கத் தேவையில்லை.

உடன் தங்கப்போகும் பெண் யார் என்பதை மனைவியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பெண் மருத்துவர் வேண்டும், திரை வேண்டும் என்பதை முன்பே ஆஸ்பத்திரியில் கேட்டுவையுங்கள். ஆபத்தான நேரத்தில் அதற்காக ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். பார்க்க வரும் உறவினர் கூட்டத்தைக் கணவர்தான் பணிவோடு தடுக்க வேண்டும். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல ஒருவர் போதும். ஊரே வார்டுக்குள் வரவேண்டியதில்லை. தஹ்னீக் செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தூய்மையான கையால் செய்யுங்கள். தேன் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தீங்கு விளைவிக்கலாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் முன்பே அறிந்துகொள்வது முன்னேற்பாட்டில் ஒரு பகுதி. நபிகளாரின் காலத்தில் பேறுகாலப் பெண்கள் 40 நாட்கள் தொழாமல் இருந்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் உச்ச அளவு 40 நாட்கள். ஷாஃபி மத்ஹபில் 60 நாட்கள். குறைந்த அளவுக்கு வரம்பு இல்லை. 20 நாட்களில் இரத்தம் நின்றுவிட்டால் குளித்துத் தொழவேண்டும். நாற்பதுக் குளிப்பு வரை காத்திருக்கக் கூடாது. விடுபட்ட தொழுகைகளுக்குக் களா இல்லை, நோன்புகளுக்கு உண்டு. அறுவைச் சிகிச்சைத் தழும்பில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், சலுகையான வழிமுறையை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுப் பெறுங்கள். அல்லாஹ் தன் அடியார்களுக்கு இலகுவையே நாடுகிறான்.

வீடு திரும்பிய பின்னும் கவனம் தேவை. மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு இரத்தம், காய்ச்சல், துர்நாற்றம், கடுந்தலைவலியுடன் பார்வை மங்குதல், வலிப்பு: இவற்றுள் எது தோன்றினாலும் 40 கழியட்டும் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த 40 நாட்கள் அவளுடைய ஓய்வுக்காகவே. அவளை வீட்டுக்குள் அடைத்து வைப்பதற்காக அன்று.

இவற்றையெல்லாம் அன்று அந்த இளைஞரிடம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து சொன்னேன். அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். மறுவாரம் வந்தபோது, "ஹஜ்ரத், ஓ நெகட்டிவ். கிடைப்பது அரிதாம். இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். அவர் கேட்காமலேயே மீண்டும் ஒருமுறை துஆச் செய்தேன்.

திண்டிவனத்தில் கதவு தட்டிய அந்தக் கணவருக்கு அந்த ஓரிரவுதான் இருந்தது. நமக்கு ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. நம் இல்லங்களில் பிள்ளை பெறும் ஒவ்வொரு தாயையும் சேயையும் அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.